நிமலனின் பித்தளைக் குழாய்

வேப் என்கிற மின்சிகரெட்டுக் கருவிகளைத் துடைப்பதற்குப் பழைய பனியன் துணியைவிட நல்ல துணி கிடையாது. அதற்கென்றே விற்கிற துணிகளை நானும் கடையில் வைத்து விற்றிருக்கிறேன். அவை நூல் விடும். பலமுறை தோய்த்து நைந்துபோன பருத்திப் பனியன் நூல் விடாது. என் மேசை இழுப்பறையில் அப்படி வெட்டி மடித்த துண்டுகள் எப்போதும் இருக்கும். நான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சொன்ன பிறகு உங்கள் ஆட்கள் கடையைச் சோதித்தபோது அவற்றையும் ஒரு பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அது வெறும் பனியன்.

நான் இங்கிலீசிலேயே சொல்லக்கூடியவன்தான். இந்த நாட்டுக்கு வந்து பாதி ஆயுள் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு சொல்கூட இடம் மாறி விழக்கூடாது என்பதால் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்க்க வந்திருக்கிற தங்கச்சி மதுரைப் பக்கம் என்றார். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு எங்காவது விளங்காவிட்டால் அவர் நிறுத்திக் கேட்கட்டும். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் மகேசன். சான்ட்ரிங்ஹாமில், மளிகைக் கடைகளும் தோசைக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கிற வரிசையின் ஓரத்தில் வேப் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் சிகரெட்டை விடுவதற்காக வந்தவர்கள். அதில் ஒரு சிறு கூட்டம் மட்டும் மெக் வைத்திருக்கிறவர்கள். மெக் என்பது ஓர் உலோகக் குழாய். உள்ளே ஒரு பேட்டரி, மேலே கம்பிச் சுருளும் பஞ்சும், அடியில் ஒரு பட்டன். பட்டனை அமுக்கினால் பேட்டரியில் இருக்கிற மின்சாரம் நேரே கம்பிக்குப் போகும். மற்றக் கருவிகளில் இடையில் ஒரு சின்ன மின்சுற்று இருக்கும். ஏதாவது பிழை வந்தால் அது தானாக நிறுத்திவிடும். இதில் நிறுத்துவதற்கு யாரும் இல்லை. வைத்திருப்பவனின் கண்ணும் விரலும்தான் காவல்.

இந்தக் குழாய்களை விற்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். முன்பு வாங்கியவர்கள் விடவில்லை. பித்தளையும் செம்புமாகப் பூசைச் சாமான்போலத் தேய்த்து வைத்திருந்தார்கள். வெளியே தேய்ப்பார்கள், உள்ளே பார்க்க மாட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில், மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு, கடையின் பின்னறையில் அவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். பேட்டரியின் பிளாஸ்டிக் உறையில் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்தாலும் பாவிக்காதே. பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் ஒரே பைக்குள் போடாதே. பட்டனைக் கழற்றிக் கரியைத் துடை. பாவிக்காதபோது பட்டனைப் பூட்டி வை. கையில் சூடு தெரிந்தால் வாயில் வைக்காதே. இவ்வளவுதான். ஒரு சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் வந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் கொட்டாவி விடுவார்கள்.

நான் எல்லாவற்றையும் சரிபார்க்கிறவன். அது என் இயல்பு. என் மனைவி அன்னபாக்கியம் மெல்போர்னில் மகளோடு இருக்கப் போனவள் திரும்பி வரவில்லை. அங்கே அடுப்பை அணைத்தாயா என்று அவளிடம் யாரும் கேட்பதில்லையாம். அதைப் பெரிய சுகம் என்று மகளிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் ஒருநாளும் தீப்பிடிக்கவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. நடக்காத விபத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இந்த வேலையின் குறை அது.

கடை போடுவதற்கு முன்னால் ஒரு போத்தல் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தேன். அங்கே சுவரெல்லாம் எச்சரிக்கைப் பலகைகள். யாரும் படிப்பதில்லை. ஒருநாள் ஒரு தொங்கா நாட்டுக்காரரின் கை இயந்திரத்துக்குள் போய்விட்டது. நல்ல மனிதர், தேவாலயத்தில் பாடுகிறவர். அதன் பிறகு அந்தத் தொழிற்சாலையைப் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் கையுறை போட்டார்கள், பலகைகளை நின்று படித்தார்கள், ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பாதுகாப்பான காலம் அங்கே இருந்ததில்லை. கொஞ்சக் காலத்தில் பழையபடி ஆகிவிட்டது. பயம் துணிக்குப் போட்ட சாயம் போன்றது. வெளுக்கும். திரும்பத் தோய்த்தெடுக்க வேண்டும். இதை நான் யாரையும் குறைசொல்லும் எண்ணத்தில் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

இனி நிமலனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நிமலன் இதே நகரின் இன்னொரு பக்கத்தில், பக்குரங்காவில் இருக்கிறவன். மருந்துக் கடையில் வேலை. சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஆட்களின் வானொலியில் நிகழ்ச்சி செய்வான். அவன் குரலை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். இனிக் கேட்கவும் முடியாது. மரண அறிவித்தல் வாசித்தால்கூட இன்னொருமுறை வாசிக்க மாட்டானா என்று இருக்கும். மனைவி கௌரிக்குப் பிள்ளை பிறந்த கிழமை என் கடைக்கு வந்தான். சிகரெட்டை விட வேண்டும் அண்ணை, பிள்ளையைத் தூக்கினால் சட்டை மணக்கிறது என்றான். விட வைத்தேன். ஒரு வருடத்துக்குப் பிறகு யாரிடமோ ஒரு பித்தளைக் குழாய் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அது வேண்டாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. கேட்காவிட்டால் ஒழுங்காகப் பழகு என்று பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினேன். ஒருமுறை சொன்னால் போதும். என்னிடம் வந்தவர்களில் உள்ளே பார்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தன் பேட்டரிகளை என்னிடம் மட்டுமே வாங்குவான். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்திருப்பான்.

சந்தீப் என்று ஒருவன் இருக்கிறான். கோயம்புத்தூர்க்காரன், கம்ப்யூட்டர் வேலை, எப்சத்தில் வாடகைக்கு இருக்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் பேட்டரியை ஜீன்ஸ் பைக்குள் சாவியோடு போட்டுக்கொண்டு திரிகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உறைக் கிழிசல் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன், "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, நீங்க பேசுறது ஒரே டெக்னிக்கலா இருக்கு. நிமலன் அண்ணன் கொஞ்சம் சொல்லட்டுமே" என்றான்.

நிமலன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"பேட்டரி எண்டது புது மாப்பிளை மாதிரி," என்றான் நிமலன். "சட்டை கிழிஞ்சால் வெளிய கூட்டிக்கொண்டு போகாதையுங்கோ. மானம் போறது அவருக்கில்லை, உங்களுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். போன்கள் கீழே போயின. சந்தீப் தன் பைக்குள்ளிருந்த பேட்டரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதே கிழிசலைப் பற்றி நான் பல வருடங்களாகச் சொல்லியிருக்கிறேன். யாரும் சிரித்ததில்லை. சிரிக்கிற விஷயம் அல்ல அது.

அதன் பிறகு அவனே சொல்லிக்கொடுத்தான். நான் பக்கத்தில் இருந்து, விடுபட்டதை எடுத்துக்கொடுத்தேன். பிறகு விடுபடுவதும் நின்றுவிட்டது. பிறகு, சான்ட்ரிங்ஹாமில் கார் நிறுத்த இடமில்லை, பக்குரங்காவில் நிமலன் வீட்டில் என்றால் பிள்ளைகளும் பின்வளவில் விளையாடலாம் என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் அவன் வீட்டுக் கராஜுக்குப் போய்விட்டது. நிமலன் வந்து கேட்டான். "அண்ணை, நீங்கள் ஓமெண்டால்தான்." நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னறைக் கதிரைகள் அடுக்கியபடி இருந்தன. பழக்கத்தில் பிளாஸ்க் நிறையத் தேநீர் போட்டுவிட்டு நானே குடித்தேன்.

இதனால் எனக்கு வருத்தம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளப் பார்ப்பீர்கள். வருத்தம் இல்லை. நான் பார்த்தது வேறு. அவனிடம் படித்தவர்கள் கடைக்கு வரும்போது அவர்களுடைய குழாய்களை வாங்கிப் பார்ப்பேன். முதலில் சுத்தமாக இருந்தன. மெல்ல மெல்லக் கரி பிடித்தது. கிழிந்த உறைகள் திரும்பவும் வந்தன. "மாப்பிளைக்குச் சட்டை கிழிஞ்சிட்டுது அண்ணை" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். கிழிசல் அவர்களுக்குப் பகிடியாகிவிட்டது. நிமலன் அவர்களுக்கு எல்லாவற்றையும் கொடுத்தான்; பயத்தை மட்டும் கொடுக்கவில்லை. பயத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டான். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். ஒருவனுக்கல்ல, பலருக்கு.

ஆகவே ஒன்று நடக்க வேண்டியிருந்தது. ஒன்றே ஒன்று. தொழிற்சாலையில் நடந்ததைப் போல. அது யாருக்கு நடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

சந்தீப்புக்கு நடக்கலாம் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவனை விட்டுவைத்தால் தானாகவே நடந்திருக்கும். அவனுடைய பேட்டரிகளுக்கு எத்தனையோ தடவை நானே புது உறை போட்டுக் கொடுத்திருக்கிறேன். மோசமானவற்றைப் பறித்து வைத்துக்கொண்டு வேறு கொடுத்திருக்கிறேன். ஆனால் கவனமில்லாதவனுக்கு நடந்தால் யாருக்கும் பாடம் இல்லை. அவன் அப்படித்தான், நாங்கள் அப்படியில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எல்லோரையும் விடக் கவனமானவனுக்கு நடக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொருவனும் தன் கையைப் பார்ப்பான். இதை நான் நிதானமாக யோசித்தேன். எப்படி யோசித்தாலும் கணக்கு நிமலனிடம்தான் வந்து நின்றது.

இப்படிச் சொல்லும்போது நான் அவனைத் தேடிப் போனேன் என்று ஆகிவிடுகிறது. அப்படி இல்லை. அவன்தான் வந்தான். தைப்பொங்கல் நிகழ்ச்சிக்கு முந்திய கிழமை, கடை திறந்த கையோடு வந்து பித்தளைக் குழாயைக் கண்ணாடி மேசையில் வைத்தான்.

"அண்ணை, பட்டன் பக்கம் கொஞ்சம் சுடுற மாதிரிக் கிடக்கு. நானும் கழட்டிப் பார்த்தன், ஒண்டும் தெரியேல்ல. நீங்கள் ஒருக்காப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி."

"பாவிச்சனியே?"

"இல்லை அண்ணை. சூடு தெரிஞ்ச உடனை நிப்பாட்டிட்டன். நீங்கள் சொன்னதுதானே."

சரியாகச் செய்திருந்தான். நான் சொல்லிக்கொடுத்ததை எழுத்துக்கு எழுத்து செய்திருந்தான். வைத்துவிட்டுப் போ என்றேன்.

அன்று பகல் முழுவதும் அதோடு இருந்தேன். பட்டனுக்கும் குழாய்க்கும் இடையில் மின்சாரம் கடக்காமல் ஒரு சின்ன வெள்ளை வளையம் இருக்கும். அதில் ஒரு வெடிப்பு. மயிர் அளவு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த ஊரில் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் என்று யாரும் இருப்பதாக எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. புது வளையம் என்னிடம் இருந்தது. நான் அதை மாற்றவில்லை. குழாயை எலுமிச்சைச் சாறும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, உலர்த்தி, பனியன் துணியால் துடைத்தேன். அவ்வளவு அழகாக அது ஒருநாளும் இருந்ததில்லை. பின்னேரம் வந்து வாங்கியவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ர முகம் தெரியுது அண்ணை" என்றான். சூடு என்னத்தாலாம் என்று கேட்டான். கரிதான் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் நானும் பக்குரங்காவுக்குப் போகத் தொடங்கினேன். எல்லோருக்கும் சந்தோஷம். மகேசண்ணை கோபம் தீர்ந்து வந்துவிட்டார் என்று நினைத்தார்கள். கௌரி ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தா; எனக்கென்று காரம் குறைத்துத் தனியாகச் செய்தா. அவ முதியோர் இல்லத்தில் தாதி. கிழமை முழுவதும் கிழவர்களைத் தூக்கிக் கிடத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்காகச் சமைத்தா. நிமலன் அந்தக் குழாயைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் எடுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் கராஜில்தான் எடுப்பான். நான் கராஜ் கதவுப் பக்கமாக நிற்பேன். நிமலன் தன் குழாயைக் கையில் எடுக்கும் முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உள்ளே போய்ச் சாப்பிடுங்கோ என்று அனுப்பிவிடுவேன். சின்னஞ்சிறுசுகள் பக்கத்தில் நிற்க நான் விட்டதில்லை. காரில் தீக்காயத்துக்கான மருந்தும் கட்டுத்துணியும் வைத்திருந்தேன். இதைச் சொல்லாவிட்டால் நான் ஈவிரக்கம் இல்லாதவன் என்று நினைப்பீர்கள்.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த தடவையும் இல்லை. ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், திரும்பிப் போகும் வழியில் மனம் லேசாகத்தான் இருந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அன்றைக்கு வந்திருந்த ஒருவன் என்னிடம், "அண்ணை, முந்தி நீங்கள் எங்களை வெருட்டி வைச்சிருந்தனீங்கள், இப்பத்தான் பம்பலாய் இருக்கு" என்று சொன்னான். காரை ஓட்டும்போது அது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. நான் விடவில்லை.

நடந்த அன்று நல்ல வெயில். கராஜ் கதவு முழுவதும் திறந்திருந்தது. நிமலன், சூடு தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். தனக்கு அப்படி நடந்ததையும், உடனே என்னிடம் கொண்டுவந்ததையும், நான் ஒரே நாளில் சரிசெய்து கொடுத்ததையும் சொன்னான். "மகேசண்ணையின்ர கை பட்டால் பயப்பிடத் தேவையில்லை" என்றான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குழாயை வாயில் வைத்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு தடித்த புத்தகத்தைச் சிமெந்துத் தரையில் தட்டையாகப் போட்டதுபோல இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

என்ன நடந்தது என்று விளங்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அதற்குள் அவனைத் தரையில் இருத்தி, தலையைச் சாய்த்துப் பிடித்து, இரத்தம் தொண்டைக்குள் போகாமல் பார்த்துக்கொண்டேன். சந்தீப்பை ஆம்புலன்சுக்குப் போன் அடிக்கச் சொன்னேன். கைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். காரிலிருந்து மருந்தை எடுத்துவரச் சொன்னேன். வந்த ஆம்புலன்ஸ்காரர், இவர் கட்டிய கட்டைப் பிரிக்காதீர்கள், நன்றாகக் கட்டியிருக்கிறார் என்றார். பிறகு எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மகேசண்ணை இல்லாவிட்டால் நிமலன் இல்லை என்று.

உயிருக்கு ஒன்றும் இல்லை. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. முன்பற்களும் மேலுதட்டின் ஒரு பக்கமும் போயின. நாக்கில் தைத்தார்கள். வானொலிக்காரர்கள் பூக்கொத்து அனுப்பினார்கள். பிறகு அந்த நிகழ்ச்சிக்கு வேறு ஆளைப் போட்டார்கள்.

மருத்துவமனைக்கு நான் நெடுகப் போனேன். கௌரி வேலைக்குப் போகிற நேரங்களில் பக்கத்தில் இருந்தேன். கட்டுகள் கொஞ்சம் குறைந்து, வாயை அசைக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அவன் முதலில் கேட்ட கேள்வி என்னிடம்தான். சொற்கள் குழம்பித்தான் வந்தன. நான் குனிந்து கேட்டேன்.

"அண்ணை, நான் எங்க பிழை விட்டனான்?"

வலிக்கிறது என்று சொல்லவில்லை. என் குரல் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. இதைக் கேட்டான். படித்தவன் கேட்கிற கேள்வி. அதற்கு ஒரு பதில் கொடுக்காமல் விடுவது சரியாகப் படவில்லை. ஆகவே, "நான் தந்த பிறகு நீ பட்டனைத் திருப்பிக் கழட்டினனி போல. பூட்டேக்க வளையம் நெரிஞ்சிருக்கும்" என்றேன்.

யோசித்துப் பார்த்தான். யோசிப்பது அந்த முகத்திலும் தெரிந்தது. பிறகு, "ஓம் அண்ணை. ஒருக்காக் கழட்டினனான்" என்றான். உண்மையில் கழற்றினானோ, நான் சொன்னதால் கழற்றியதாக நினைத்தானோ எனக்குத் தெரியாது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. உதட்டில் தையல் இருந்ததால் அவனால் ஒழுங்காக அழ முடியவில்லை. எல்லாருக்கும் பிழை வரும் என்று சொல்லி அவன் தோளைத் தடவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என் பின்னறைக்குக் கதிரைகள் போதவில்லை. சந்தீப் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு பேட்டரியும் பெட்டிக்குள் இருந்தது. சிலர் குழாயையே கொண்டுவந்து தந்துவிட்டு, வேண்டாம் அண்ணை, நீங்களே எறிஞ்சுவிடுங்கோ என்றார்கள். நான் பேசும்போது ஒரு கொட்டாவி இல்லை. நான் சொன்னது நடந்தது என்று உங்களுக்குக் காட்டுவதற்காக இதைச் சொல்கிறேன். கணக்கு சரியாகத்தான் வந்தது.

நடக்கக்கூடியதாக ஆனதும் நிமலனும் வந்தான். நான் கூப்பிடவில்லை. தானாக வந்து, எழுந்து நின்று, அந்தப் புது வாயால், தான் கவனமில்லாமல் இருந்ததாகவும், அண்ணை செய்து தந்ததைத் தானே கெடுத்ததாகவும் சொன்னான். அவன் சொன்னதில் பாதிதான் விளங்கியது. அதற்கு முன் ஒருநாளும் அவன் அவ்வளவு நன்றாகப் பாடம் நடத்தியதில்லை. யாரும் சிரிக்கவில்லை.

இதெல்லாம் அப்படியே போயிருக்கும். விபத்தை விசாரித்தவர்களின் அறிக்கையில், உள்ளே இருந்தது புது உறை போட்ட பழுதான பேட்டரி என்றும், பாவித்தவர் பராமரிப்பில் கவனம் குறைந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை, கௌரியைத் தவிர.

போன செவ்வாய்க்கிழமை வேலை உடுப்போடு கடைக்கு வந்தா. கடையில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணை, இவர் பழைய பேட்டரிக்கு உறை மாத்துறவர் இல்லை. புதுசு வாங்குவார். உங்களிட்டத்தான் வாங்குவார்."

"ஓம்."

"கடைசியா உள்ளுக்கை பார்த்தது நீங்கள்."

"ஓம்."

"ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையளை உள்ள அனுப்பினதும் நீங்கள்தான்."

நான் பனியன் துணியை எடுத்துக் கண்ணாடி மேசையைத் துடைத்தேன். கௌரி அந்தத் துணியைப் பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டா. வேலையில் கிழவர்களோடு அப்படித்தான் கதைப்பா போலிருக்கிறது.

"அண்ணை, இந்த மனுசன் படுக்கையிலயும் நான் எங்க பிழை விட்டனான் எண்டுதான் கேட்டுக்கொண்டிருக்குது. சாப்பிடேக்கயும் அதுதான். அடுப்பு மூட்டப் பயம், கார் ஓட்டப் பயம், பிள்ளையைத் தூக்கப் பயம். தன்ர கையில அவருக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. எனக்கும் வயசாகுது, கண் மங்குது, நான் கவனிக்கேல்ல எண்டு சொல்லுங்கோ. பேட்டரி மாறுப்பட்டுப் போச்சு எண்டு சொல்லுங்கோ. நான் உங்களை ஒண்டும் கேக்க மாட்டன். பொலிசுக்குப் போக மாட்டன். அவரும் உங்களை மன்னிப்பார். கவனிக்கேல்ல எண்டு மட்டும் சொல்லுங்கோ, அண்ணை."

அவ அழவில்லை. நல்ல மனத்தோடுதான் கேட்டா. நீங்கள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஓம் என்றிருப்பீர்கள். ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டு நான் இன்றைக்கும் என் கடையில் இருந்திருக்கலாம். நிமலனும் நிம்மதியாக இருந்திருப்பான். நான் வாயைத் திறந்தும் பார்த்தேன். வரவில்லை.

என் கண் மங்கவில்லை, கௌரி, என்றேன்.

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. அப்படியே பின்னால் நகர்ந்து, கதவைத் தடவித் திறந்துகொண்டு போனா. நான் கதவுப் பலகையை 'மூடியது' என்று திருப்பிப் போட்டுக் கடையைப் பூட்டிவிட்டு, காரை அங்கேயே விட்டு, பஸ் பிடித்து இங்கே வந்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வெடிப்பை நான் கண்டேன். வளையத்தை மாற்றவில்லை. அது மட்டும் போதும் என்று முதலில் நினைத்தேன். போதாமல் போகலாம் என்பதால் நிமலனுடைய நல்ல பேட்டரியை எடுத்துவிட்டு, சந்தீப்பிடமிருந்து நான் பறித்து வைத்திருந்த பழுதான பேட்டரிக்கு அதே நிறத்தில் புது உறை போட்டு உள்ளே வைத்தேன். நிமலன்கூட வித்தியாசம் பிடிக்க முடியாதபடி உறையைச் சுருக்கமில்லாமல் போட்டேன். மேலதிகாரி ஒருவர் நேற்று, இது வயதானவரின் தவறாகவும் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம் என்று உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். கொலை முயற்சி என்று எழுதுங்கள், வஞ்சகம் என்று எழுதுங்கள், உங்கள் சட்டத்தில் என்ன பெயர் இருக்கிறதோ அதை எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள்.